பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு சிப்

கணினிச் சாதனங்களை இயக்கும் மென்பொருளை டிரைவர் என்போம். அவற்றின் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வைஃபை டிரைவரின் ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தேன். பரவலாக விற்ற ஒரு யுஎஸ்பி அடாப்டரின் பெயரைப் போட்டு, ‘இது வேலை செய்யும்’ என்று எழுதினேன். பொய் இல்லை. என் மேசையிலேயே செருகி, நெட் வந்ததைப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.

சில மாதம் கழித்து ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். அந்த வரியை நம்பி வாங்கியிருக்கிறார். செருகினால் விளக்குகூட எரியவில்லை. போர்ட்டை மாற்றுங்கள், அப்டேட் போடுங்கள் என்று இரண்டு நாள் அவரை அலைக்கழித்தேன். கடைசியில்தான், செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை என்ன காட்டுகிறது என்று கேட்கத் தோன்றியது. பார்த்தால், சாதனம் தன்னை அடையாளம் காட்டும் எண்ணே, அதாவது சாதன எண்ணே வேறு! பெட்டியில் அதே பெயர், அதே படம். ஸ்டிக்கரில் மட்டும் பொடி எழுத்தில் ‘வி2’. என்னுடையதில் ஏத்தரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 சிப். அவருடையதில் ரியல்டெக் நிறுவனத்தின் சிப்.

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் டிரைவருக்குக் கவலை இல்லை. அது பார்ப்பது தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும்தான். இரண்டும் 16 பிட். (கணினிக்கு உள்ளே கார்டுகளை இணைக்கும் பிசிஐ உலகில், தயாரிப்பாளராக இன்டெலின் எண் 8086. 1978-இல் வந்த அவர்களுடைய ப்ராசஸரின் பெயரேதான். யாரோ ரசித்து வாங்கியிருக்கிறார்கள்.)

சரி, இனி டிரைவர் மூலநிரலில் இருக்கும் எண் பட்டியலைப் பார்த்தே எழுதுவோம் என்று கிளம்பினேன். அதுவும் காலை வாரியது. ரியல்டெக்கின் 8168 என்ற ஒரே சாதன எண்ணில் ஈதர்நெட் சிப்புகள் பல பதிப்புகளில் வந்திருக்கின்றன. லினக்ஸின் ஆர்8169 டிரைவர், சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தைப் படித்து, எக்ஸ்ஐடி என்ற இன்னொரு எண்ணை எடுத்துத்தான் எந்தப் பதிப்பு என்று முடிவு செய்கிறது. எண் பழையது, சிப் புதிது, டிரைவரைச் சுமந்துவரும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைவிடப் பழையது என்றால் ‘தெரியாத சிப்’ என்று கைவிரித்துவிடும். அப்போது ‘8168 ஆதரிக்கப்படுகிறது’ என்பதே அரை வாக்கியம்தான். எந்தக் கெர்னலிலிருந்து என்பது மீதிப் பாதி.

டிரைவர் எழுதுபவர்களோடு எனக்கு வரும் சண்டையும் ‘ஆதரிக்கப்படுகிறது’ என்ற இந்த ஒரு சொல்லில்தான். “டேபிள்ல எண் இருக்கே, அப்புறம் என்ன?” என்பார் ஒருவர். “போட்டுப் பாத்தீங்களா?” என்றால், “அந்தக் கார்டு எங்கிட்ட இல்லையே” என்பார். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில், டிரைவர்களின் கையேட்டுப் பக்கங்களின் வன்பொருள் பகுதியிலிருந்துதான் வெளியீட்டுக்கான வன்பொருள் குறிப்புகள் தொகுக்கப்படுகின்றன. அந்த மாதிரி அமைப்பில் ஒருவர் அசட்டையாகச் சேர்த்த வரி தானாகவே இன்னோர் இடத்துக்கும் போய்ச் சேரும்.

என் பழைய வரியை, ‘ஏஆர்9271 சிப் உள்ள அடாப்டர்கள், மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், சாதன எண்ணைப் பாருங்கள்’ என்று மாற்றினேன். கோபமாக எழுதியவருக்கும் அனுப்பினேன். “வாங்கிச் செருகின பிறகுதானே சார் எண் தெரியும்?” என்று பதில் வந்தது. ‘ஸ்டிக்கரில் உள்ள பதிப்பைப் பார்த்து வாங்கவும்’ என்று இன்னொரு வரி சேர்த்தேன். பெட்டியைப் பிரிக்காமல் அந்த ஸ்டிக்கர் தெரியுமா என்று அவர் இன்னும் கேட்கவில்லை.