பதில் எழுத வைக்கும் குழு

தூதர்களை அனுப்புவது, உடன்படிக்கைகளில் கையெழுத்திடுவது, படைகளை நகர்த்துவது ஆகிய எல்லாம் அரசின் கையில் இருக்க, வெளியுறவில் நாடாளுமன்றத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கேள்வி கேட்கும் உரிமைதான். அந்த உரிமையின் வலிமையையும் எல்லையையும் ஒருசேர அறிய விரும்புகிறவர்கள், பிரிட்டனின் மக்களவை வெளியுறவுக் குழு 2016 செப்டம்பரில் வெளியிட்ட லிபியா அறிக்கையிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

1979 முதல் இயங்கும் இக்குழுவில் கட்சிகளின் பலத்துக்கேற்ப 11 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2010க்குப் பிறகு, அதன் தலைவரை அவை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. கொறடாக்களின் தயவில் பதவிக்கு வராத ஒருவர் தம் கட்சி அரசையே குறுக்கு விசாரணை செய்வது அதனால் எளிதாயிற்று. லிபியா விசாரணையின்போது தலைவராக இருந்த கிறிஸ்பின் பிளண்ட், பிரதமர் டேவிட் கேமரூனின் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்தவர். குழுவில் பெரும்பான்மையும் அக்கட்சிக்கே இருந்தது.

விசாரணைக்கு உள்ளான முடிவு 2011 மார்ச் மாதத்தியது. லிபியாவின் பெங்காசி நகரத்து மக்களைக் காப்பதற்கென்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1973ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றிய நான்கு நாட்களில், பிரிட்டன் மக்களவை 557க்கு 13 என்ற கணக்கில் ராணுவ நடவடிக்கைக்கு ஒப்புதல் தந்தது. மக்களைக் காக்கத் தொடங்கிய போர், லிபியாவை நெடுங்காலம் ஆண்ட சர்வாதிகாரி கடாஃபியின் ஆட்சியை வீழ்த்தும் போராக எப்போது, யார் சொல்லி மாறியது என்பதே குழு துருவிய மையக் கேள்வி. அன்றைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக், பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ், முப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த டேவிட் ரிச்சர்ட்ஸ், கடாஃபியுடன் தொலைபேசியில் பேசிய முன்னாள் பிரதமர் டோனி பிளேர் ஆகியோர் சாட்சியம் அளித்தார்கள். கேமரூன் மட்டும் வர மறுத்துவிட்டார்.

பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டதை அரசு உணரவில்லை. கிளர்ச்சியாளர்களிடையே கணிசமான இஸ்லாமியத் தீவிரப் பிரிவினர் இருந்ததையும் கணிக்கத் தவறியது. கடாஃபிக்குப் பிந்தைய லிபியாவுக்கென்று தெளிவான திட்டம் இல்லாமல் போனதற்கு இறுதிப் பொறுப்பு கேமரூனுடையது. இவை அறிக்கையின் முடிவுகள். போருக்குச் சுமார் 32 கோடி பவுண்டு செலவிட்ட நாடு, மறுசீரமைப்புக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 2.5 கோடி பவுண்டுதான் என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். அறிக்கை வருவதற்கு இரண்டு நாள் முன்பே கேமரூன் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் துறந்திருந்தார்.

போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்து வந்த அறிக்கையால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே. முடிவெடுத்தவர் வீட்டுக்குப் போனபின் வரும் தீர்ப்பு லிபியர்களுக்கு எதையும் மீட்டுத் தராது. ஆனால் குழுவின் உண்மையான பலம் தீர்ப்பில் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஒவ்வோர் அறிக்கைக்கும் அரசு இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும் என்பது அங்குள்ள மரபு. பரிந்துரையை நிராகரிக்கலாம், ஆனால் நிராகரிக்கும் காரணத்தை எழுதியாக வேண்டும்.

அந்தக் கடமை முடிவுக்கு முன்பே வந்தால் நிலைமை வேறு. 2015 நவம்பரில், ஈராக்கில் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் மீது நடத்திவந்த வான் தாக்குதலைச் சிரியாவுக்கும் விரிவுபடுத்தும் முன் அரசு விளக்க வேண்டிய ஏழு கேள்விகளைக் குழு முன்வைத்தது. கேமரூன் அதே மாதம் தாமே ஒரு விரிவான பதிலை எழுதி மக்களவையில் வைத்தார். அந்தப் பதிலில் பிளண்ட் நிறைவடைந்தார். குழுவோ 4க்கு 3 என்ற கணக்கில், கேள்விகளுக்குப் போதிய விடை வரவில்லை என்று தீர்மானித்தது. மறுநாள் டிசம்பர் 2 அன்று மக்களவை 397க்கு 223 என்று தாக்குதலை ஆதரித்தது. குழு தோற்றது என்று இதைச் சொல்லிவிடலாம். ஆயினும் 2011இல் கேட்கப்படாத கேள்விகளுக்கு ஒத்தவை, இம்முறை வாக்கெடுப்புக்கு முன்பே பதிலோடு மேசைக்கு வந்திருந்தன.

நமக்கு நெருக்கமான இன்னொரு நிகழ்வும் உண்டு. இலங்கையின் மனித உரிமை நிலையில் உறுதியான முன்னேற்றம் தெரியாவிட்டால், கொழும்பில் நடக்கவிருந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் போக விருப்பமில்லை என்று பிரதமர் அறிவிக்க வேண்டும் என, ரிச்சர்ட் ஒட்டவே தலைமையில் இதே குழு 2012 நவம்பரில் கேட்டுக்கொண்டது. கேமரூன் அடுத்த ஆண்டு போனார். போன இடத்தில் யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். போவதற்கு என்ன நியாயம் என்ற கேள்வி அதற்குள் அவைக் குறிப்பில் ஏறிவிட்டிருந்ததும் அந்த யாழ்ப்பாணப் பயணத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்தியாவிலும் 1993 முதல் வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். சசி தரூர் தலைமையில், 2017இல் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற டோக்லாம் எல்லை விவகாரத்தை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு அறிக்கை, திபெத், தைவான் விஷயங்களில் சீனாவின் மனம் கோணாமல் இந்தியா காட்டும் எச்சரிக்கைக்கு ஈடான மரியாதை சீனாவிடமிருந்து வருவதில்லை என்று கூச்சமின்றிச் சொன்னது. ஆனால் இங்கே அமைச்சர் குழுவின் முன் வந்து அமர்வதில்லை, செயலர்களே வருகிறார்கள்; கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. டோக்லாம் போன்றவற்றில் ரகசியம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியுறவு அமைச்சகத்தின் ஆண்டு நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய விசாரணைகூட மக்கள் காணாமல் நடக்க வேண்டியதற்கு, இதுவரை ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் படித்ததில்லை.