கிராம சபைக்குப் போங்க

ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒருமுறை கிராம சபைக்கு, அதாவது ஊராட்சி வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கூட்டத்துக்கு, போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

ஊராட்சி வரவு செலவை அங்கே சபை முன் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் மைக் இரைச்சலோடு மளமளவென்று வாசித்து முடித்துவிடுவார்கள். போன தடவை ஒரு பெரியம்மா எழுந்து, "தம்பி, மோட்டார் ரிப்பேர்னு எவ்வளவு சொன்னீங்க? திரும்பப் படிங்க" என்றார். அப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்தோம். எந்த மாசம், எத்தனை தடவை, பில் எங்கே என்று கேள்விகள் கிளம்பின. (டீயும் வந்தது, அது வேறு விஷயம்.)

ஒன்று மட்டும்: தீர்மான நோட்டில் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேலே காலி இடம் விட்டிருந்தால், எழுதிய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள்.