ஸ்டவர்ஹெட் ஏரியைச் சுற்றி நான்கு நாள்கள்

அக்டோபர் 14

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்டவர்ஹெட் தோட்டத்துக்குள் இன்று ஊர்ப்பக்கமாக நுழைந்தேன். கோயிலை வலம் வந்து பழகிய கால்கள், ஏரியை வலப்புறமாக வைத்துத் தாமாகவே நடக்கத் தொடங்கின. முதலில் வந்தது குன்றின் மேலுள்ள அப்பல்லோ கோயில். அதன் வாசலில் நின்றபோது ஏரி, எதிர்க்கரையில் ரோமின் பழங்கோயிலை நினைவூட்டும் பாந்தியன், ஐந்து வளைவுகள் கொண்ட கற்பாலம் எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிட்டன. ஆனால் அதன்பின் நடந்த வழி முழுவதும் முடிவு தெரிந்த கதையைக் கேட்பதுபோல் இருந்தது. குகையிலோ, ஏற வேண்டிய படிகளில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தோட்டத்தை, ஏரியை இடப்புறமாக வைத்துத்தான் சுற்ற வேண்டும்.

அக்டோபர் 15

இன்று மாளிகையிலிருந்து புறப்பட்டு, சரியான திசையில் சுற்றினேன். லண்டனில் வங்கி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் ஹென்றி ஹோர், கட்டடக் கலைஞர் ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட்டின் துணையுடன் 1740-களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உருவாக்கிய இடம் இது. முதலில் எழுந்த ஃபுளோரா கோயிலின் வாசல்மேல், தூய்மையற்றோர் விலகிப் போகட்டும் என்னும் பொருள்பட ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் லத்தீன் அடி பொறிக்கப்பட்டிருக்கிறது; அவருடைய ஈனிட் காவியத்தில் அது நாயகன் ஈனியஸ் பாதாளத்துக்குள் இறங்குமுன் ஒலிக்கும் குரல். நேற்று இந்த வாசலைக் கடைசியில் வந்தடைந்த எனக்கு, அந்த எச்சரிக்கை எதற்கு என்றே விளங்கவில்லை.

மரங்களுக்கிடையே ஏரி தெரிவதும் மறைவதுமாக வர, பாதை மெல்லத் தாழ்ந்து குகைக்குள் புகுகிறது. மங்கிய ஒளியில், ஊற்றுநீர் வழிந்தோடும் படுக்கைமேல் ஒரு நீரணங்கு உறங்குகிறாள். தன் உறக்கத்தைக் கலைக்காமல் மெல்ல நடக்கும்படி அவள் வேண்டுவதாக ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் வரிகள் அவள் முன்னே கல்லில் உள்ளன. உடன் வந்த பள்ளிப் பிள்ளைகள்கூட அங்கே குரல் தாழ்த்திப் பேசினார்கள். பக்கத்துப் பாறைத் திறப்பு வழியே ஏரி கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பளபளத்தது. நதித்தேவனின் சிலையைக் கடந்து படியேறி வெளிச்சத்துக்கு வந்து, இன்னும் சற்று நடந்தால் பாந்தியன். ரைஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிஸ் உள்ளே நிற்கிறான். இருளிலிருந்து ஏறி வந்தவருக்குத்தான் அவன் அவ்வளவு பெரியவனாகத் தோன்றுவான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அக்டோபர் 16

காலை முழுவதும் மழை. நின்றபின் அணைக்கரைக்குப் போனேன். ஏரி இயற்கையானதல்ல, ஸ்டவர் ஆறு ஊற்றெடுக்கும் பள்ளத்தாக்கில், 1750-களில் கரை எழுப்பித் தேக்கிய நீர். கோயில்களை எல்லோரும் படமெடுக்கிறார்கள். அவற்றைத் தலைகீழாக ஏந்திக் காட்டும் இந்த நீரைப் பிடித்து நிறுத்தியிருக்கும் மண்கரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏரிக்கரைகளையும் மதகுகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு, தோட்டத்தின் தலையாய கட்டுமானம் இதுதான்.

இன்று நாம் வியக்கும் வண்ணங்களில் பல ஹென்றியின் காலத்தவை அல்ல. அவருடைய மகள்வழிப் பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோர் பிறகு பலவகை மரங்களையும் ரோடோடெண்ட்ரான் செடிகளையும் கொண்டுவந்து நட்டார். பச்சை, நிழல், நீர் ஆகியவற்றைக் கொண்டே தாத்தா எழுதிய காட்சிக்குள் அயல்நாட்டுச் செடிகள் புகுந்தது சரியா என்று கேட்போர் உண்டு. மேப்பிள் இலைகளின் சிவப்பு நீரில் விழுந்து கிடந்ததைப் பார்த்தபின், பேரனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 17

மாளிகைக்குள் சிறிது நேரமே இருந்தேன். 1902-இல் தீ அதன் நடுப்பகுதியை அழித்தது; அப்போதைய உரிமையாளர்களான பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டத்தில் ஆறாமவரான ஹென்றி ஹோரும் அவர் மனைவி ஆல்டாவும் அதை மீண்டும் கட்டினார்கள். அவர்களுடைய ஒரே மகன் ஹாரி, முதல் உலகப் போரில் பாலஸ்தீனப் போர்முனையில் காயமுற்று, 1917-இல் அலெக்சாண்டிரியாவில் இறந்தான். 1946-இல் அவர்கள் தோட்டத்தையும் மாளிகையையும் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார்கள்; மறு ஆண்டு இருவரும் ஒரே நாளில் காலமானார்கள்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஃபுளோரா கோயிலுக்கு மீண்டும் இறங்கிப் போனேன். எதிர்க்கரையில் பாந்தியனின் தூண்கள்மேல் வெயில் விழுந்திருந்தது. ஒரு வாத்து நீரைக் கிழித்துக்கொண்டு கடக்க, அந்தத் தூண்கள் ஏரிக்குள் கலைந்து, மெல்ல மெல்ல மறுபடியும் நேராயின.