அப்பாவின் பிளாக்குக்காக மூன்று முறை திருச்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைப்பைப் புற்றுநோய்க்குப் பின்னால் எப்ஸ்டீன்-பார் வைரஸ் (இபிவி) இருக்கிறதா என்று பார்க்க இரத்தம் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். பணமும் நான்கு நாளும் வீணாகப் போனது.

அப்பாவுக்கு 61 வயது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையை முழுவதுமாக எடுத்தார்கள். எண்டோஸ்கோபி முதல் தையல் பிரித்தது வரை ஒரு குறையும் இல்லை. அடுத்த சிகிச்சைக்காகச் சென்னையில் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்தோம். கட்டி இரைப்பையின் மேல்பகுதியில் இருந்தது, அதற்குள் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் நிறைய இருப்பதாக ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது. இரண்டையும் படித்துவிட்டு, "இபிவி வகையா இருக்கலாம், ஈபர் டெஸ்ட் பண்ணிடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஈபர் என்பது கட்டியின் சதையில் இந்த வைரஸைத் தேடும் சோதனை.

சீட்டில் இபிவி என்ற எழுத்தைப் பார்த்ததும் லேப் கவுண்டரில் இரத்தம் எடுத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து ஐஜிஜி (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்று வந்தது. அன்றைக்கே அம்மா அப்பாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அப்பா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் வந்துபோயிருக்கும், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் உடம்பில் தங்கும், அதனால் எங்கள் எல்லோருக்குமே ஐஜிஜி பாசிட்டிவாகத்தான் இருக்கும் என்றார். வைரஸ் கட்டியின் செல்லுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குக் கட்டியின் சதை வேண்டும். தனித் தட்டு தேவையே இல்லை என்று அம்மாவிடம் அவரே சொன்னார்.

அப்புறம் தொடங்கியது திருச்சி அலைச்சல்.

முதல் முறை போனபோது "பயாப்ஸி சாம்பிள் வேணும்" என்று கேட்டேன். இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளைக் கொடுத்தார்கள். சென்னை லேபில் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஏற்கெனவே சாயம் ஏத்தியாச்சு சார், பிளாக் கொண்டு வாங்க" என்றார்கள். பிளாக் என்பது மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில், ஓரத்தில் எண் எழுதி இருக்கும். பிளாக் என்ற வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

இரண்டாம் முறை டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல், மருத்துவர் கடிதம் எல்லாம் கையில் இருந்தன. ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேஷண்ட் கையெழுத்து போட்ட லெட்டர் எங்கே?" அப்பாவை எழுதச் சொல்லி வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினேன். செல்லாது என்றார். வீடு துறையூரில். போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். முதல் தடவை வந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. திருச்சியிலேயே தங்கி, மறுநாள் காலையில்தான் பிளாக் கைக்கு வந்தது.

அது மே மாதம். மெழுகு அறுபது டிகிரியை நெருங்கினாலே உருகிவிடும். வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியிலோ காரின் முன்பக்கத்திலோ பிளாக்கை வைத்துவிடாதீர்கள். நான் பஞ்சு சுற்றி எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இவ்வளவு செய்தும் "இந்தத் துண்டில் புற்றுச் செல் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. அறுவையில் எடுத்த இரைப்பையிலிருந்து ஏ1, ஏ2 என்று பல பிளாக்குகள் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்தது ஓரத்தில் வெட்டிய நல்ல சதை. எது கட்டி உள்ள பிளாக் என்று நோய்க்குறியியல் மருத்துவரிடம் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். மூன்றாம் முறை நான் அதைத்தான் செய்தேன். அந்தப் பெண் மருத்துவர் தானே எழுந்து வந்து, பழைய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சரியான பிளாக்கை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு என்றைக்கும் நன்றி. வெட்ட வெட்ட சதை குறையும், மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஹெர்2, பிடி-எல்1 போன்ற சோதனைகளையும் ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

ஒரு வாரத்தில் ஈபர் பாசிட்டிவ் என்று வந்தது. சென்னை லேப் மருத்துவர் திரையில் காட்டினார். கட்டிச் செல்களின் உட்கரு ஒவ்வொன்றும் கருநீலமாக, மை சிந்தினாற்போல் இருந்தது. இடையிடையே லிம்போசைட்டுகள் வெளிறிக் கிடந்தன. இது வைரஸின் ஆர்என்ஏவைத் தேடும் சோதனை. சதையில் ஆர்என்ஏ சிதைந்திருந்தால், இருக்கிற வைரஸும் தெரியாமல் போகும். உங்களுக்கு நெகட்டிவ் என்று வந்தால், கன்ட்ரோல் (சதையில் ஆர்என்ஏ கெடாமல் இருக்கிறதா என்று கூடவே பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனை) சரியாக வேலை செய்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வைரஸ் அப்படி என்னதான் செய்தது என்று அப்பா கேட்டார். அவர் மளிகைக் கடை வைத்திருந்தவர். மருத்துவர் பேரேட்டையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். "கணக்குல எழுத்து அழியலை ஐயா. பக்கத்துக்குப் பக்கம் பசை தடவி ஒட்டிட்டான். பிரிச்சுப் படிக்க முடியலை." அந்தப் பசைதான் டிஎன்ஏ மேல் ஏறும் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு. வைரஸின் ஒரு புரதம், மெத்திலை ஒட்டும் என்சைமைச் செல்லுக்குள் கூட்டிவிடுகிறது. செல் பெருகாமல் தடுக்கும் பி16 மரபணு அப்படித்தான் வாயடைத்துப் போகிறது. 2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தில் 295 இரைப்பைக் கட்டிகளைப் பார்த்தார்கள். அவற்றில் சுமார் 9 சதவீதம் இந்த வகை. அந்த வகைக் கட்டிகள் எல்லாவற்றிலும் பி16 இப்படி அடைபட்டிருந்தது. இந்த மாற்றம் கட்டிச் செல்லில் மட்டும்தான், பிள்ளைகளுக்கு இறங்காது என்றும் சொன்னார். நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"பசையைக் கரைக்க மருந்து இல்லையா?" என்றார் அப்பா. மெத்திலைக் குறைக்கும் அசாசிட்டிடின் போன்ற மருந்துகள் சில இரத்த நோய்களுக்கு உண்டு, இரைப்பைப் புற்றுக்கு அது வழக்கமான சிகிச்சை இல்லை என்றார். ஆனால் நோய் திரும்பினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியை யோசிக்க இந்த ரிப்போர்ட் உதவும். 2018இல் வெளியான கொரிய ஆய்வில் அந்தச் சிகிச்சை பெற்ற 61 நோயாளிகளில் இபிவி வகை 6 பேர், ஆறு பேருக்குமே கட்டி சுருங்கியது. ஆறு பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

போன வாரம் பிளாக்கைத் திருச்சியில் திருப்பிக் கொடுத்தேன். அதே கவுண்டர், அதே ஆள். பிளாக் எண்ணைப் பதிவேட்டில் என் கண் முன்னால் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டேன். அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் இன்னும் இரண்டு பிரதி அதே ஃபைலில் இருக்கிறது.