ஒண்ணியும் பண்ணாது, நீ வாம்மா

எங்க தாய்மாமா வீடு வடசென்னை காலடிப்பேட்டைல. வாசல்ல நின்னு "மாமா, நாயைக் கட்டிட்டீங்களா"ன்னு கேட்டா உள்ள இருந்து ஒரே பதில்தான் வரும், "ஒண்ணியும் பண்ணாது, நீ வாம்மா". நாலு வருஷமா இதே பதில்தான். கேஸ் சிலிண்டர் போடுற தம்பிக்கும் இதே, பால் பாக்கெட் போடுற அக்காவுக்கும் இதே. அந்த அக்கா ஒரு கட்டத்துல பாக்கெட்டை கேட் மேல இருந்து உள்ள வீச ஆரம்பிச்சாங்க, அதுல ரெண்டு உடைஞ்சுச்சு, அதுக்கும் மாமா அந்த அக்காவைத்தான் திட்டினாரு.

நாய் பேரு ராஜா. 2021ல தெருவுல ரெண்டு பைக் திருடு போச்சு, அதுல ஒண்ணு மாமாவோடது. ஹார்பர்ல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆகி வாங்கின புது வண்டி, மனுஷனுக்குத் தாங்கல. யாரோ தெரிஞ்சவர் மூலமா ஒரிஜினல் ராஜபாளையம்னு சொல்லி ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. ராஜபாளையம் நாயை வாங்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அது காலங்காலமா தோட்டம் தொரவு, ஜமீன் வீடுன்னு காவலுக்கு வளத்த ஜாதி, வளத்தவரைத் தவிர வேற யாரையும் லேசுல நம்பாது, ஓடறதுக்கு நிறைய எடம் வேணும். அதைக் கொண்டாந்து ஒண்ணரை கிரவுண்டு கூட இல்லாத வீட்டு மொட்டை மாடில, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ, அஞ்சடி சங்கிலில கட்டினா?

அந்த மாடியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எங்க ஏரியால காத்தாடி சீசன் வந்தா பசங்க எல்லாம் மாடிலதான் இருப்பானுங்க, அறுந்த காத்தாடி எந்த மாடில விழுந்தாலும் சுவர் ஏறிக் குதிச்சு எடுக்கறது அவனுங்க பிறப்புரிமை. மாமா வீட்டு மாடில விழுந்தா மட்டும் எடுக்க முடியாது, அதனால பக்கத்து மாடில இருந்து கல்லு, செங்கல் துண்டு, பழைய செருப்புன்னு ராஜா மேல வீசுவானுங்க. அது குலைக்கும், சங்கிலி கழுத்தை இழுக்கும், பசங்க சிரிப்பானுங்க. அது குட்டியா இருந்த காலத்துல வெளியாளுங்கன்னு பாத்தது இவனுங்களை மட்டும்தான். நாய்க்குட்டிக்கு மூணு வாரத்துல இருந்து மூணு மூணரை மாசம் வரைக்கும் மனுஷங்க, சத்தம், வண்டி, வேற நாய்ங்க எல்லாத்தையும் பயமில்லாம பழக்கி விடணும், அந்தக் காலம் போச்சுன்னா அப்புறம் புதுசா எதைப் பாத்தாலும் அதுக்கு மிரட்சிதான். ராஜா அந்த வயசுல பாத்தது ஷீட்டு, சங்கிலி, செருப்பு.

இன்னொண்ணு, யாராவது கிட்டப் போனா முதல்ல அது உறுமும். மாமாவுக்கு அது பெரிய மானப் பிரச்சனை. சொந்தக்காரங்க முன்னாடி உறுமினா உடனே குச்சியை எடுத்து மூக்கு மேல ஒண்ணு வைப்பாரு. ரெண்டு வருஷத்துல நாய் உறுமறதை நிறுத்திடுச்சு. "பாத்தியா, எப்படி ட்ரெயினிங் குடுத்துருக்கேன்"னு பெருமையா சொன்னாரு, நானும் நல்ல விஷயம்தான் போலன்னு தலையாட்டிட்டு வந்தேன். அன்னிக்குத் தலையாட்டினதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னைத் திட்டிக்கிறேன்.

2024 மே மாசம் நுங்கம்பாக்கத்துல மாநகராட்சி பார்க்குல ரெண்டு ராட்வெய்லர் சேர்ந்து அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சதே, அப்ப போன் பண்ணி சொன்னேன், மாமா கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கன்னு. "அது ஃபாரின் நாயிம்மா, இது நம்ம ஊரு நாய்"னு வெச்சிட்டாரு. தாய்மாமா கிட்ட அதுக்கு மேல என்ன பேசறது? எனக்குக் காது குத்தினது அவரு மடில வெச்சு, கல்யாணத்துக்குத் தட்டு தூக்கினது அவரு. உங்க நாயைக் கட்டுங்கன்னு சொன்னா உங்க வளப்பு சரியில்லன்னு சொன்ன மாதிரி எடுத்துக்குவாரு. அதுக்குப் பயந்து நானு, எங்க அம்மா, என் தம்பி எல்லாரும் வாயை மூடிட்டு சுவரோரமா பம்மிப் பம்மி உள்ள போயிட்டு வந்துட்டு இருந்தோம்.

2025 ஆடி, ஞாயித்துக்கிழமை. மாமா வீட்டுல கூழு ஊத்தினாங்க. எங்க பக்கம் ஆடி மாசம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரு முனைல அம்மன் கோயில் மைக் செட்டு காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடும், பம்பை உடுக்கை சத்தம், வேப்பிலை, கூட்டம். மாடில பந்தல் போட்டு ஆளுங்க உக்காரணும்னு ராஜாவைக் கீழ கொண்டாந்து மாடிப்படிக்கு அடில கட்டிட்டாங்க. வரவங்க போறவங்க எல்லாம் அது தலைக்கு மேலதான் தொப்பு தொப்புன்னு ஏறி இறங்கறாங்க. காலைல இருந்து சத்தம், வெக்கை, தெரியாத காலு நூறு. எல்லாரும் அது அமைதியா இருக்குன்னு நினைச்சோம். இப்ப யோசிச்சா நல்லா ஞாபகம் இருக்கு, அது அடிக்கடி உதட்டை நக்கிட்டு இருந்துச்சு, தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் ஓரமா உருட்டி வெள்ளை தெரியப் பாத்துச்சு, உடம்பு கட்டை மாதிரி விறைச்சு இருந்துச்சு. வாலை ஆட்டுச்சுதான், ஆனா மேல தூக்கி விறைப்பா, குச்சி ஆடற மாதிரி. வாலாட்டினா பிரியம்னு சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க நம்மளை.

என் பையனுக்கு ஒம்போது வயசு. கையில தட்டு, கூழு கிண்ணம், முருங்கைக்கீரை, வறுத்த கருவாடு. படிகிட்ட வரும்போது யாரோ இடிச்சு ஒரு துண்டு கருவாடு கீழ விழுந்துச்சு. இவன் குனிஞ்சான். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்ல, உறுமல் இல்ல, குலைக்கல. கைல முழங்கைக்குக் கீழ புடிச்சுடுச்சு. கூழு கிண்ணம் உருண்டு போய் கேட்டுல இடிச்ச சத்தம்தான் நான் முதல்ல கேட்டேன்.

நாலு ஓட்டை, ரெண்டு நல்ல ஆழம். அத்தை ஓடிப்போய் மஞ்சத்தூள் டப்பாவோட வந்தாங்க, இன்னொரு பெரியம்மா காப்பித்தூள் வைன்னாங்க, யாரோ சுண்ணாம்பு. நான் கத்தின கத்துல எல்லாரும் ஒதுங்கினாங்க. கடிபட்ட இடத்துல எதையும் வெச்சு அடைக்கக் கூடாது, ஓடற தண்ணில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவணும். வெறிநோய், அதான் ரேபிஸ், அந்த வைரஸுக்கு மேல ஒரு கொழுப்பு உறை இருக்கு, சோப்பு பட்டா அது உடையும், அதனாலதான் அவ்வளவு நேரம். ஆனா பைப்பைத் திறந்தா தண்ணி இல்ல, கரண்ட் போயிடுச்சு, மோட்டார் ஓடல. வாசல்ல அடிபம்ப் இருக்கு. துணி சோப்பை எடுத்துட்டு பையனை இழுத்துட்டு போனேன். மாமா ஒண்ணுமே பேசல, வந்து பம்ப்பைப் புடிச்சு அடிக்க ஆரம்பிச்சாரு. அறுபத்தஞ்சு வயசு, அந்த பம்ப் வேற வாஷர் தேஞ்சு ரெண்டு அடிக்கு ஒரு தடவைதான் தண்ணி தரும். அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்குது. "போதுமாம்மா"ன்னாரு. இல்ல மாமா, அடிங்கன்னேன். வேற யாரோ கை மாத்த வந்தாங்க, விடல. சட்டை எல்லாம் நனைஞ்சு போய், பையன் கையைப் பாக்காம பம்ப் கைப்பிடியையே பாத்துட்டு அடிச்சாரு பாருங்க, எனக்கு அவரு மேல இருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல. திரும்பி வந்துச்சு, அது வேற விஷயம்.

ஏன்னா ஆட்டோ ஏறும்போதே அத்தை ஆரம்பிச்சாங்க, நம்ம வீட்டு நாய்தானே, எதுக்கு ஊசி, தொப்புளைச் சுத்திப் பதினாலு போடுவாங்க, புள்ள தாங்குவானான்னு. அந்தப் பதினாலு ஊசி எல்லாம் ஆட்டு மூளைல தயாரிச்ச அந்தக் கால மருந்து, அது போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு. ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசு இல்லாம போட்டாங்க, ரெண்டு கை மேல்பக்கமும் தோல்ல கொஞ்சூண்டு, அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் மூணாவது, ஏழாவது, இருபத்தெட்டாவது நாள். டெட்டனஸுக்குப் போடற டிடி ஊசி தனி. கஷ்டமா இருந்தது இதுங்க இல்ல, இன்னொண்ணு. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா அது மூணாவது வகை கடி, அதுக்கு இம்யூனோகுளோபுலின்னு ஒரு மருந்தை எடைக்குத் தக்கபடி அளந்து காயத்துக்குள்ளயே சுத்திச் சுத்திக் குத்தணும். தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்க நாளாகும், அது வரைக்கும் காவலுக்கு இந்த மருந்து. பையன் என் துப்பட்டாவைக் கடிச்சிட்டு இருந்தான். இதைப் போடாம வெறும் ஊசியை மட்டும் போட்டுட்டு வந்துடற ஆளுங்க நிறைய பேரு, கேட்டு வாங்கிக்கங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அப்புறம் மருந்து கிடையாது, கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு சாவுதான்.

டாக்டர் கேட்டாரு, நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு. மாமாவுக்கு போன் போட்டா அட்டையைத் தேடி எடுத்துப் படிக்கிறாரு, குட்டில போட்டது, அதுக்கப்புறம் ஒண்ணு, கடைசித் தேதி ரெண்டு வருஷம் முன்னாடி. வருஷா வருஷம் போடணும் மாமான்னா, "மாடில தானம்மா கெடக்குது, அதுக்கு எங்க இருந்து வெறி வரும்"னாரு. பூனை வராதா, வாக்கிங் போனா தெரு நாய் உரசாதா?

நாயைப் பத்து நாள் கண்ணுலயே வெச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. கடிச்ச அன்னிக்கு எச்சில்ல வைரஸ் இருந்திருந்தா அந்தப் பத்து நாளுக்குள்ள நாய்க்கு நோய் தெரிஞ்சிடும், செத்தும் போயிடும். அதுக்காக ஊசியைப் பத்து நாள் தள்ளிப் போடக் கூடாது, ஊசி பாட்டுக்கு ஊசி. தினமும் காலைல ஆறு மணிக்கு மாமா கிட்ட இருந்து போன். "சாப்புட்டான்மா." "தண்ணி குடிச்சான்மா." "இன்னிக்கு நாலு." வேற ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பத்தாவது நாள் சொல்லும்போது குரல் உடைஞ்சுடுச்சு.

இதுக்கு நடுவுல குடும்பத்துல ஒரு யோசனை, நாயை வண்டில ஏத்தி மாதவரம் தாண்டி செங்குன்றம் பக்கமா விட்டுட்டு வந்துடலாம்னு. என் தம்பியே சொன்னான். வளத்த மிருகத்தை அப்படி விட்டுட்டு வரது மிருகவதைச் சட்டப்படி குத்தம், அதைக்கூட விடு, அங்க இருக்கற எந்தப் புள்ளையை அது கடிக்கணும்னு கேட்டேன். மாமாவை போலீசுக்குக் கூட்டிட்டுப் போகவும் ஒருத்தர் சொன்னாரு. நாயைச் சரியா வெச்சுக்காம அடுத்தவங்களுக்குக் காயம் ஆச்சுன்னா பாரதிய நியாய சன்ஹிதான்ற குற்றச் சட்டத்துல 291வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 5000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். தாய்மாமா மேல கேஸ் போடற தைரியம் எனக்கு இல்ல. ஆனா மாமா கிட்ட அந்தப் பிரிவைப் படிச்சுக் காட்டினேன், அது தேவைப்பட்டுச்சு.

பத்து நாள் முடிஞ்சு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். காதுக்குள்ள சீழு. எத்தனை மாசமோ. அந்தக் காதைப் புடிச்சுத்தான் எல்லாரும் கொஞ்சிட்டு இருந்தோம். அங்க இருந்த டாக்டரம்மா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு மாமா கிட்ட சொன்னது இதுதான்: உறுமறது நாய் குடுக்கற வார்னிங், நீங்க அதை அடிச்சு அடிச்சு நிறுத்திட்டீங்க, பயமும் கோவமும் உள்ள அப்படியேதான் இருந்துச்சு, வார்னிங் மட்டும்தான் போச்சு. மாமா தலையைக் குனிஞ்சுட்டாரு. காது ஆறினதும் நாய் தங்கமா மாறிடுச்சுன்னு எழுதினா பொய். கருத்தடை பண்ணாச்சு, அதுவும் மந்திரம் இல்ல. மாறினது வீடுதான். படிக்கு ஒரு கிரில் கேட், ஷீட்டு மாத்தி ஓலை, காலைல அஞ்சு மணிக்கு ஆளில்லாத நேரத்துல ஒரு மணி நேரம் நடை, சாப்பிடும்போது யாரும் கிட்டப் போறதில்ல, விசேஷம்னா அது ரூமுக்குள்ள. வெளிய போகும்போது கூடை மாதிரி வாய்க்கவசம். துணில வாயை இறுக்கிக் கட்டறாங்களே, அது வேணாம், நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும், நம்ம வெயில்ல வாயைக் கட்டினா செத்துக்கூடப் போகும்.

ஆகஸ்ட்ல ஜாஃபர்கான்பேட்டைல பிட்புல் கடிச்சு ஒருத்தர் இறந்த நியூஸ் டிவில ஓடினப்ப மாமா எழுந்து ஆஃப் பண்ணிட்டாராம். வருஷக் கடைசில லைசன்ஸ் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5000 அபராதம்னு மாநகராட்சி சொன்னப்ப தெருவுல முதல் ஆளா போய் தோலுக்கு அடில அடையாளச் சிப்பு போட்டு, ஊசி போட்டு, லைசன்ஸ் வாங்கினவரும் அவருதான். அத்தைக்கு இன்னும் என் மேல வருத்தம், அத்தனை பேரு முன்னாடி கத்திட்டேனாம். இருந்துட்டுப் போகட்டும்.

போன மாசம் பையனே கேட்டான், ராஜாவைப் பாக்கணும்னு. எனக்கு வயித்தைக் கலக்குச்சு, இருந்தாலும் கூட்டிட்டுப் போனேன். கிரில்லுக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அது. பையன் ஒரு அடி முன்னாடி வெச்சான். ராஜா தொண்டைக்குள்ள மெதுவா உறுமுச்சு, நாலு வருஷத்துல நான் மறந்தே போயிருந்த சத்தம். மாமா கை பழக்கத்துல குச்சி இருந்த மூலைக்குப் போச்சு, பாதில நின்னுச்சு. "பின்னாடி வந்துருடா கண்ணு"ன்னாரு. பையன் ரெண்டு அடி பின்னாடி வந்தான். உறுமல் நின்னுச்சு.