ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு சொகுசுக் கப்பலில்: பதிவிலிருந்து கடைசி நாள் காலை வரை

கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ ஏறி, பினாங்கு, லங்காவி, பூக்கெட் என்று மூன்று நான்கு நாள் சுற்றிவரும் கப்பல் பயணம் கோலாலம்பூர்க் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையில் பழக்கமாகிவிட்டது. கச்சான் (நிலக்கடலை), முந்திரி, முட்டை, பால், இறால் என்று ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும். நிற்க வேண்டியதில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளோடு பயணம் செய்யும் பெற்றோராக நாங்கள் கண்டது இதுதான்: பதிவுப் படிவம் ஒரு தொடக்கம் மட்டுமே. பிள்ளையைக் காப்பது, முந்தின இரவே சொல்லிவைத்து, பொறுப்பான ஒரே ஆள் கையால் மேசைக்கு வரும் தட்டு. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தத் தட்டு சரியாக வந்து சேர்வதற்காகத்தான்.

முன்பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒவ்வாமைக்காரர்களின் உணவைத் தனிப் பாத்திரத்தில், தனி இடத்தில் சமைக்கிறார்களா? சாஸ், ரொட்டி, ஐஸ்கிரீம் ஆகியவற்றின் சேர்க்கைப் பொருள்களைக் கேட்டால் காட்டுவார்களா? சிறுவர் கிளப்பில் அவசர ஊசியை (எப்பிநெப்ரின்) யார் போடுவார்கள்? எந்தக் கப்பலும் கச்சானோ கொட்டைகளோ அறவே இல்லாத கப்பல் என்று உறுதி தராது. ஏஜென்ட் அப்படிச் சொன்னால் அவர் விசாரிக்காமல் சொல்கிறார் என்று பொருள்.

ஒவ்வாமை விவரம் எழுதும் படிவத்துக்கான கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் ஒரு மாதம் முன்பு கேட்பார்கள், சிலர் மூன்று மாதம் முன்பே கேட்பார்கள். ஏஜென்ட் வழியாகப் பதிந்தால், நீங்கள் எழுதிய நீண்ட விளக்கம் கப்பலுக்கு வெறும் ‘சிறப்பு உணவு’ என்ற இரண்டு சொல்லாகப் போய்ச் சேரக்கூடும். அதனால் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நீங்களே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வந்த பதிலைத் தாளில் அச்செடுத்துக் கொள்ளுங்கள். நடுக்கடலில் இணையம் கிடைக்காத நேரத்தில் அந்தத் தாள்தான் பேசும்.

‘கொட்டை அலர்ஜி’ என்று மட்டும் எழுதினால் போதாது. கச்சான் பயறு இனம். முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட் வேறு இனம். எதெது ஆகாது என்று பெயர் பெயராக எழுதுங்கள். முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது, அதையும் சேர்த்துவிடுங்கள். அமெரிக்கப் பட்டியலில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் 9. எள் அதில் 2023 முதல் உண்டு. ஐரோப்பியப் பட்டியலில் 14. கடுகும் அதில் அடங்கும். கப்பல் அமெரிக்கப் பட்டியலைப் பின்பற்றினால் கடுகு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் படிவத்தில் கட்டமே இருக்காது. அப்போது குறிப்புப் பகுதியில் தனியாக எழுத வேண்டும். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: ‘இது விருப்பம் அல்ல; உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை; எப்பிநெப்ரின் ஊசி கையில் உண்டு.’

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பலரும் பழக்கத்தில் ‘இந்திய சைவ உணவு’ கட்டத்திலும் டிக் போட்டுவிடுகிறார்கள். முந்திரி, பால், நெய் ஆகாத பிள்ளைக்குக் கப்பலில் மிகவும் சிக்கலான இடம் இந்திய உணவுப் பகுதிதான். குருமா, பனீர் வகைகளின் குழம்பு அடிப்படையை நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே அண்டாவில் முந்திரி விழுது சேர்த்துக் காய்ச்சி வைத்துவிடுவார்கள். அதிலிருந்து முந்திரியை மட்டும் பிரித்தெடுக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. நானில் பாலோ தயிரோ இருக்கும், சில இடங்களில் முட்டையும் உண்டு. கோதுமை ஆகாத பிள்ளைக்குச் சாம்பாரும் ரசமும்கூடச் சந்தேகத்துக்குரியவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பழகிய சுவை என்பதால் மனம் அங்கேதான் இழுக்கும். ஆனாலும் உப்பு மட்டும் சேர்த்துத் தனிச் சட்டியில் வாட்டிய கோழி, வெறும் சோறு, வேகவைத்த காய் என்று கேட்டு வாங்குவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். பொருள்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு குறைவு தவறுக்கான இடம்.

இனி மருந்து. எப்பிநெப்ரின் பேனா (பேனா வடிவ அவசர ஊசி) மலேசியாவில் எல்லாப் பார்மசியிலும் அலமாரியில் இருக்காது. மருத்துவரிடம் சீட்டு வாங்கி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 15 முதல் 30 கிலோ வரை எடையுள்ள பிள்ளைக்கு 0.15 மி.கி. பேனா, அதற்கு மேல் 0.3 மி.கி. என்பது பொதுக் கணக்கு. 25 கிலோ தாண்டியதுமே பெரியதற்கு மாற்றும் மருத்துவர்களும் உண்டு. போன வருடம் வாங்கியதை அப்படியே பையில் போடாமல், பிள்ளையை எடை பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். காலாவதித் தேதி பயணம் முடிந்து சில வாரமாவது தள்ளி இருக்க வேண்டும். பேனாவின் சாளரத்தில் மருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கியிருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

குறைந்தது இரண்டு பேனா வேண்டும். இரண்டும் ஒரே பையில் இருக்க வேண்டும். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று பிரிக்கக் கூடாது; ஒரே நெருக்கடியில் இரண்டுமே தேவைப்படலாம். வாங்க முடிந்தால் நான்கு வாங்கி, இரண்டு இரண்டாக வைத்துக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், ஐஸ் கட்டியின் மேலும் வேண்டாம், நிறுத்திவைத்த காருக்குள் வேண்டவே வேண்டாம். 25 டிகிரியை ஒட்டிய அறை வெப்பம்தான் அதற்கு ஏற்றது. கூடவே ஒவ்வாமை மாத்திரை அல்லது சிரப், ஆஸ்துமா இருந்தால் நீல இன்ஹேலரும் ஸ்பேசரும், மருத்துவரின் ஆங்கிலக் கடிதம், அவசரத் திட்டம் எழுதிய ஒரு தாள். இவை எல்லாமே கைப்பையில் போக வேண்டும். டெர்மினலில் ஒப்படைக்கும் பெட்டிகள் கேபினுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்.

உணவு கொண்டுபோவதில் கப்பல்கள் கண்டிப்பானவை. கம்பெனி முத்திரையோடு பிரிக்காத பாக்கெட்டுகளைப் பொதுவாக விடுவார்கள். வீட்டில் சமைத்ததை விடமாட்டார்கள். ரைஸ் குக்கர், மின்கெண்டி போன்றவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் பிஸ்கட், பொரி உருண்டை, சோயா அல்லது ஓட்ஸ் பால், ஒரு இனிப்பு வகை என்று நாளுக்கு மூன்று பாக்கெட் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். கம்பெனிக்கு எழுதும்போதே இதற்கும் அனுமதி கேட்டுவிடுங்கள்.

கிள்ளான் கப்பல் டெர்மினல் பூலாவ் இண்டாவில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதன்பின் வரிசை, குடிநுழைவு, சோதனை. ஏறிய அன்று மதியம் பெரும்பாலும் பஃபே மட்டும்தான் திறந்திருக்கும், அதுவும் நெரிசலாக. எனவே பிள்ளைக்கு வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கப்பலில் கால் வைத்ததும் முதல் வேலை நீச்சல் குளம் அல்ல, பிரதான உணவகத்தின் தலைமைப் பணியாளரைப் பார்ப்பது. அச்செடுத்த மின்னஞ்சலைக் காட்டி, உங்கள் கோரிக்கை கப்பலின் கணினியில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள். இப்படி நடப்பது அரிதல்ல. பிறகு, எல்லா இரவும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் வேண்டும் என்று கேளுங்கள். நினைத்த நேரத்தில் வந்து சாப்பிடும் வசதி கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு இரவும் புது ஆளிடம் முதலிலிருந்து விளக்க வேண்டிவரும்.

முதல் இரவு சாப்பாடு முடிந்ததும் மறுநாளின் மெனுவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தலைமைப் பணியாளரோடு உட்கார்ந்து பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதைச் சமையலறை மறுநாள் தனியாகத் தொடங்கும். ஆகாத பொருள் ‘இல்லை’ என்று மெனுவில் குறித்திருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த எண்ணெய், அந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள், எந்த சாஸ். உருளைக்கிழங்குப் பொரியலில் முட்டையோ இறாலோ கிடையாதுதான்; ஆனால் இறாலும் மாவில் தோய்த்த மீனும் அதே எண்ணெயில் பொரிந்திருந்தால் வித்தியாசமே இல்லை. சோயா சாஸில் கோதுமை, சம்பாலில் பெலாச்சான் எனும் இறால் விழுது, சாத்தே சாஸிலும் மசமான் கறியிலும் கச்சான், பெஸ்தோவில் முந்திரி அல்லது பைன் கொட்டை, நண்டுக் குச்சியில் மீனும் முட்டை வெள்ளையும். தட்டு வந்ததும் ‘இது யாருக்கு, இதில் என்ன இல்லை’ என்று பரிமாறுபவர் வாயால் சொல்லக் கேட்டபிறகே பிள்ளை கை வைக்க வேண்டும். இனிப்புகளில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. ஒரே கலக்கும் இயந்திரம், ஒரே தட்டு, கொட்டைத் தூள் பறக்கும் இடம். ஐஸ்கிரீம் கரண்டியோ ஒரே தண்ணீரில் முங்கி எழும். அதற்குத்தான் கொண்டுபோன பாக்கெட் இனிப்பு.

பஃபேயைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அங்கே ஆபத்து சமையலில் மட்டுமல்ல, இடுக்கியிலும் இருக்கிறது; யாரோ ஒருவர் கச்சான் சாலட் எடுத்த இடுக்கியை வெள்ளரிக்காயில் போட்டுவிடுவார். வேறு வழியில்லை என்றால், கவுண்டரில் நிற்கும் சமையல்காரரிடம் சொல்லி உள்ளேயிருந்து புதிதாக எடுத்துவரச் செய்யுங்கள். வாசலில் கையில் தெளிக்கும் கிருமிநாசினி ஜெல் கிருமிக்குத்தான். கச்சான் புரதத்தை அது அகற்றாது. சோப்பும் தண்ணீரும், அல்லது ஈரத்தாளால் துடைப்பதும்தான் அகற்றும். சாப்பிடும் முன் பிள்ளையின் கை, மேசை, நாற்காலிப் பிடி எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். இரவில் தலையணை மேல் சாக்லேட் வைக்க வேண்டாம் என்று கேபின் பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சிறுவர் கிளப்பில் பல கப்பல்கள் மருந்து கொடுப்பதில்லை, ஊசியும் போடுவதில்லை. பெற்றோரை அழைப்பதோடு சரி. அவர்கள் தரும் படிவத்தைக் கையெழுத்திடும் முன் இதைப் படித்துப் பாருங்கள். ஊசி போட மாட்டார்கள் என்றால் நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அல்லது பிள்ளையை அங்கே விடக் கூடாது. எங்கள் கருத்தில் இதில் நடுவழி கிடையாது.

கரையிறங்கும் நாள்களில் கப்பலின் பட்டியல் உங்களோடு இறங்காது. உணவோடு சேர்ந்த சுற்றுலா வாங்கினால், அந்த உணவகத்துக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் பியரிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். பசம்பூர், ரோஜாக் என்ற சாலட் வகைகளின் சாஸ்களில் கச்சான் சாதாரணம், லக்சாவில் இறால் விழுது உண்டு. பூக்கெட்டில் பாத்தோங் பக்கம் கப்பல் நங்கூரமிட்டால் சிறு படகில்தான் கரைக்குப் போவீர்கள். திரும்பக் கப்பலுக்கு ஓடிவந்து சிகிச்சை பெறலாம் என்று நினைக்காமல், அந்த ஊர் மருத்துவமனையை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனை, லங்காவியில் சுல்தானா மாலிஹா, பூக்கெட்டில் பாத்தோங் மருத்துவமனை, சிங்கப்பூரில் கேகே பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை. அவசர எண் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995, தாய்லாந்தில் 1669.

ஒவ்வாமை தாக்கினால் ஊசிதான் முதலில், தொலைபேசி அடுத்தது. மூச்சுத் திணறல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், தொடர் வாந்தியோடு தடிப்பு, துவண்டு போதல் என்று கண்டால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், உடைக்கு மேலேயே குத்தலாம். அழுத்திப் பிடிக்கும் நேரம் பேனாவுக்குப் பேனா மாறும், சிலவற்றில் 3 நொடி, சிலவற்றில் 10. பயிற்சிப் பேனாவில் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். பிறகு கேபின் தொலைபேசியில் அவசர எண்ணை அழைத்து மருத்துவக் குழுவை வரச் சொல்லுங்கள். மருத்துவ மையம் வழக்கமாகக் கீழ்த்தளத்தில் இருக்கும். பிள்ளையை அங்கே நடத்திக் கூட்டிப்போகவே கூடாது. எழுந்து நின்றாலே இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு சிரமமாக இருந்தால் கால் நீட்டி உட்காரவைக்கலாம். 5 நிமிடத்தில் தெளிவு இல்லையென்றால் இரண்டாவது பேனா. தெளிந்துவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அந்தச் செலவு கேபின் கணக்கில் ஏறும். முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்புறுதியில் கேட்க வேண்டும். பாலிசி வாங்கும்போது ஒவ்வாமையை மறைக்காமல் எழுதுங்கள். முன்பே இருந்த நோய்க்கும், கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவுக்கும் காப்பு உண்டா என்று பாருங்கள்.

குமட்டலுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் தூக்கம் வரவைப்பவை. பிள்ளை சோர்ந்திருப்பது மருந்தாலா ஒவ்வாமையாலா என்று குழப்பம் வரும். புதிதாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்த மருந்தாக இருக்கட்டும்.

கடைசி இரவு, பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவை மறுநாள் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். ஊசிப் பை அதில் போய்விடாமல் தனியாக எடுத்து வையுங்கள். காலை உணவை முந்தின இரவே தலைமைப் பணியாளரிடம் சொல்லிவையுங்கள்; இறங்கும் நாளின் அவசரத்தில் சமையலறை புதிதாக எதையும் தொடங்காது. அது அமையவில்லை என்றால் மீதமிருக்கும் பாக்கெட் உணவு, வாழைப்பழத்தோடு இறங்கிவிடுங்கள்.