அரிசி மூட்டையும் சூடான தரையும்

தை மாதக் காலையில் லண்டன் குசினி டைல்ஸில் வெறுங்காலை வைத்தால் குளிர் முழங்கால் வரை ஏறும். பின்பக்கத்தை நீட்டிக் கட்டி, கண்ணாடிக் கதவும் போட்டுப் பளபளவென்று டைல்ஸ் பதித்த நம்மவர் பலருக்கு முதல் பனிக்காலத்தில்தான் இது உறைக்கும். செருப்பு வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குள் சப்பாத்தோடு திரிய மனம் வராது. ஊரில் சித்திரை வெயிலுக்குச் சிவப்புச் சீமெந்துத் தரையில் வெறும் மேலோடு கிடந்து, முதுகு சூடானதும் பக்கத்துக் குளிர்ந்த இடத்துக்கு உருண்டவர்கள் நாம். இங்கே தரைக்கு அடியில் சூடு வைக்க ஆயிரக்கணக்கில் பவுண்ஸ் கேட்கிறார்கள்.

டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி விரிப்பதா, சுடுதண்ணீர்க் குழாய் ஓட்டுவதா என்று பில்டர் கேட்பார். அந்தத் தரையில் என்னென்ன கிடக்கும் என்று கேட்கமாட்டார். கால் வைத்த மேசை, கால் வைத்த சோபா, அவ்வளவுதான் அவர் கணக்கு. நம் குசினி மூலையில் 20 கிலோ அரிசி மூட்டை இருக்கும், வெங்காயப் பை இருக்கும். சொந்தக்காரர் வந்தால் இரவில் மெத்தையும் தரைக்கு வரும்.

மின்கம்பிக்கு இதெல்லாம் ஆகாது. சதுர மீற்றருக்கு 150 வாட் என்றால், மேலே என்ன கிடந்தாலும் அதே 150 வாட்டைத்தான் தள்ளும். மூட்டைக்கு அடியில் சூடு வெளியேற வழியில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டின் சென்சரோ நான்கடி தள்ளி வேறு டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. மூட்டைக்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் சூடு ஏறி ஏறிக் கம்பி கெட்டுப்போகலாம். தண்ணீர்க் குழாயில் ஓடுவது 35 முதல் 45 பாகை வரைதான். மேலே மூட்டை கிடந்தாலும் தரை அந்தத் தண்ணீரின் சூட்டைத் தாண்டாது. அரிசியில் வண்டு வைப்பது வேறு கதை. மூட்டைக்கு ஒரு பலகை போட்டு உயர்த்திவிடுங்கள்.

செலவிலும் தண்ணீர்தான் முந்தும், பெரிய அறைக்கு. 20 சதுர மீற்றர் குசினிக்கு மின்கம்பி 3 கிலோவாட். பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலும் 15 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் ஒரு நாளைக்கு 3.75 பவுண்ஸ். குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் காஸுக்கோ யூனிட் விலை ஏறக்குறைய அதில் கால்வாசி. வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைக்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். குறைந்த சூட்டுத் தண்ணீர்தான் அதற்கும் பிடிக்கும்.

ஆனால் தண்ணீருக்கு உயரம் வேண்டும், பொறுமையும் வேண்டும். கீழே 100 மி.மீ. இன்சுலேஷன் போர்ட், அதன்மேல் 16 மி.மீ. குழாய், அதை மூட 65 முதல் 75 மி.மீ. ஸ்கிரீட், அதாவது சீமெந்தும் மணலும் கலந்த தளம். குழாயை 150 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் சதுர மீற்றருக்கு ஏழு மீற்றர் போகும். ஒரு சுற்று 100 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பதால் அந்தக் குசினிக்கு இரண்டு சுற்று. ஸ்கிரீட் போடும்போது குழாய்க்குள் 6 பார் அழுத்தம் நிற்க வேண்டும். அழுத்தமானியின் முள் இறங்கினால் ஒழுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

வில்லங்கம் இதற்குப் பிறகுதான். ஸ்கிரீட் ஒரு நாளைக்கு ஒரு மி.மீ. அளவுதான் காயும், ஆழம் கூடக் கூட இன்னும் மெதுவாக. 75 மி.மீ. என்றால் இரண்டரை மாதத்துக்குக் குறையாது. இதற்குள் வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துப் பால் காய்ச்ச நாள் குறித்திருப்பார்கள். நாள் நெருங்குகிறதென்று சூட்டை முழுதாய்த் திறந்து காயவைத்தால் ஸ்கிரீட் வெடிக்கும், டைல்ஸும் கிளம்பும். 21 நாள் பொறுத்து, 25 பாகையில் தொடங்கி, நாளுக்குச் சில பாகையாக ஏற்றுவதுதான் முறை. முகூர்த்தத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மேல்மாடிக் குளியலறைக்கு மின்சாரமே போதும். 3 சதுர மீற்றருக்கு 450 வாட். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு 23 பென்ஸ். 10 மி.மீ. இன்சுலேஷன் போர்ட்டின் மேல் கம்பி ஒட்டிய வலையை விரிப்பார்கள். வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை வெட்டவே கூடாது. கம்பியின் மின்தடையை மூன்று தடவை அளக்கச் சொல்லுங்கள்: விரிக்குமுன், விரித்தபின், டைல்ஸ் ஒட்டியபின். மூன்றும் ஒத்துவர வேண்டும். சென்சரை ஒரு சிறு குழாய்க்குள் விட்டால்தான் பழுதானால் இழுத்து மாற்றலாம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம்.

குளிர் பழகிவிட்டது என்று எல்லாருமே சொல்லிக்கொள்கிறோம். தரை 27 பாகைக்கு வந்ததும் பாருங்கள், சோபா காலியாகும். சம்மணம் கொட்டி இருந்து முருங்கைக்காய் நறுக்குவார்கள். பெட்டிக்குள் கிடந்த திருவலை வெளியே வரும். அம்மம்மா அதில் இருந்து தேங்காய் திருவ, கீழே சிந்தும் பூவைப் பொறுக்கித் தின்றது ஞாபகம் வரும்.

கம்பியோ குழாயோ, மூடுமுன் அளவுநாடாவைப் பக்கத்தில் விரித்துப் படமெடுத்து வையுங்கள். பிறகு ஒரு நாள் கதவுத் தடுப்புக்குத் தரையில் துளை போட ஒருவர் டிரில்லோடு வருவார்.